கடித்து அனுப்பிய ரொட்டி

மாப்பிள்ளை,

இன்று காலை பாவாயி ஒரு மந்தார இலைப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. இடி இடித்து ஓய்ந்த மறுநாள் புற்று மண் விடுகிற ஈர வாசனை, அதன்மேல் மிளகு, அதற்கும் மேலாகக் கொஞ்சம் கருகல். உள்ளே உன் கப்பல் ரொட்டி இருந்தது. வட்டத்தில் ஓர் ஓரத்தை மட்டும் காணோம். யாரோ கடித்த இடம் பிறை போல் உள்வாங்கியிருந்தது. யாரோ என்ன யாரோ, என் தங்கைதான். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அந்தச் சந்துகூட ரொட்டியில் அப்படியே பதிந்திருந்தது.

மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டார் பார்த்தால், எச்சில் பண்டத்தை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாளே என்று முகம் சுளிப்பார்கள். இதே மலையில் உன் பெரக்கரை நாட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அரியூர் நாட்டில், எங்கள் ஊரில், காளானுக்கு ஒரு சட்டம் உண்டு. பறித்தவர்தான் முதல் வாய் தின்ன வேண்டும். தின்றுவிட்டு எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பொழுது கழிந்து, அவர் நல்லபடியாக எழுந்து நடந்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். பறித்தவர் தின்ன மறுத்தால், நஞ்சைப் பறித்து வந்தார் என்று பொருள். அதற்குமேல் விசாரணை கிடையாது.

இந்தச் சட்டத்தை வைத்துத்தான் நீ என்னைக் கவிழ்த்தாய். அப்படித்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தெரிந்தேதான் செய்தாயா என்ற கேள்வியை நீ போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. இன்று அதற்கு விடை கிடைத்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இத்தாலிக்காரன் இப்போது நம் சர்க்காருக்கு எதிரியாம். சேந்தமங்கலம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அந்த எதிரியின் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். சந்தையில் வெல்லமும் மிளகாயும் மடித்துத் தந்த காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு நானே கூட்டிக்கூட்டிப் படித்தேன். ஆகவே நான் எழுதுவதில் குற்றம் கண்டுபிடிக்க வேறெவருக்கும் உரிமை இல்லை.

உன்னை 'வாங்க மாப்பிள்ளை' என்றுதான் நான் அழைத்திருக்க வேண்டும். தங்கை புருஷனுக்குரிய மரியாதை அது. பாவாயியைக் கட்டிய மறுவருஷமே, சந்தைக்குப் போகிறேன் என்று மலையிறங்கி, நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிவிட்டாய். அன்றோடு அந்த மரியாதையை நிறுத்தினேன். இன்னும் நிறுத்தியேதான் வைத்திருக்கிறேன்.

எத்தனையோ மழைக்குப் பிறகு திரும்பி வந்தாய். ஒரு தகரப் பெட்டி, முழங்கை வரைக்கும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். கப்பல் சமையல்கட்டில் வேலை என்றாய். உன் அப்பனும் ஆத்தாளும் அதற்குள் போய்விட்டார்கள். பெண்டாட்டி ஊரிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஊர்க்கவுண்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாய். கடல் தாண்டினவன், யார் கையில் என்ன தின்றானோ என்று ஊரே முணுமுணுத்தது. கவுண்டர் மெதுவாகத்தான் பேசினார்.

"எங்களுக்கென்ன கண்ணு. இத்தன காலம் அந்தப் புள்ளைக்குச் சோறு போட்டது அவங்க அண்ணன். அவன் உன்ற கையால ஒரு வாய் தின்னா ஊரும் திங்கும். அப்புறம் ஊடு கட்டிக்க, பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. அவன் திங்கலீன்னா நீ வந்த வழி இருக்குது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவன் கை பட்டது என்ற தொண்டைல எறங்காதுங்க," என்றேன். பாவாயி கதவோரம் நின்றிருந்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கட்டின பெண்ணை விட்டுவிட்டு உலகம் பார்க்கப் போனவன், திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட முடியுமா?

நீ சோளக்கொல்லையில் காவல் குடிசையில் தங்கினாய். அவள் என் வீட்டில் இருந்தாள். இடையில் ஒரு கொல்லை, ஒரு ஓடை. சேர்த்து வைக்கவும் பிரித்து அனுப்பவும் என் வாய் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

உன்னோடு சோறு இல்லை என்றேனே தவிர, பேச்சு இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் என் பலவீனம். எனக்குக் கேள்விகள் உண்டு, உன்னிடம் பதில்கள் இருந்தன. அவ்வளவு பெரிய தண்ணீரில் கப்பலுக்கு வழி எப்படித் தெரியும்? அங்கே மழை பெய்தால் கடல் நிறையுமா? கேட்டுக்கொண்டே உன் குடிசை வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அப்படித்தான் ஒருநாள் இத்தாலியில் நாப்போலித் துறைமுகத்து ரொட்டியைப் பற்றிச் சொன்னாய். அதற்கு அந்த ஊரில் பீட்சா என்று பெயராம். தட்டையாகத் தட்டின மாவு. விறகு எரித்துச் சூடேறின மண்கூண்டுக்குள் நீளக் கட்டையால் தள்ளிவிடுவார்களாம். மேலே பழக்கூழ், எண்ணெய், பால்கட்டி, மழைக்காலமானால் காளான்.

"காளானையா? ரொட்டி மேலயா?" என்றேன்.

"ஆமாங்க மச்சான். குழம்புல போட்டா காளான் குழம்பாயிருது. ரொட்டி மேல போட்டாத்தான் காளான் காளானா இருக்குது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் ஊரே காளானைக் கண்டு பயந்திருந்தது. முந்தின மழையில் மேல்தெருவில் ஒரு வீட்டுக் கூட்டமே காளான் தின்று வாந்தியெடுத்துப் படுத்தது. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். அவர்கள் பறித்தது அத்தனையும் மொட்டு. மொட்டாக இருக்கையில் புற்றுக்காளானும் கெட்டதும் ஒரே வெள்ளை, ஒரே உருண்டை. குடை விரிந்தால்தான் அடியில் மடிப்பு தெரியும். நம் புற்றுக்காளானுக்கு மடிப்பு வெள்ளையாக இருக்கும், போகப்போக லேசாகச் சிவப்பேறும். உச்சியில் ஒரு கூர் இருக்கும். தண்டு மண்ணுக்குள் புற்றின் அடிவரை போகும். மேல்தெருக்காரர்கள் தின்ற சாதியை நான் விரியவிட்டுப் பார்த்தேன். அடி மடிப்பில் பச்சை பாய்ந்தது.

விரிந்த பிறகு பறிக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களுடைய அந்த நம்பிக்கை வருகிறது. மனுஷக் கண் பட்ட காளான் அதற்குமேல் வளராது! பார்த்த இடத்திலேயே பிடுங்கிவிட வேண்டும், மொட்டானாலும் சரி. நாளை வரலாம் என்று விட்டால் அப்படியே சுருங்கிப்போகும் என்பார்கள். அப்படிப் பிடுங்கிப்பிடுங்கி, பக்கத்துப் பக்கத்தில் முளைத்த இரண்டு சாதியையும் ஒரே மடியில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

"பாக்காதது வளருதுன்னு யாரு பாத்தா?" என்று நான் கேட்டேன். சாவடியில் எல்லோரும் சிரித்தார்கள். இதைக் கேட்டது நான். இன்றைக்கு ஊரில் சின்னப் பயல்கள்கூட, கப்பல்காரர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோதும் அவர்களைத் திருத்தவில்லை. கேள்வி என்னுடையது. கண்ணைக் கட்டியதுதான் உன்னுடையது.

நீ சொன்னாய்: "பாக்காம அளக்கோணும், அவ்வளவுதானுங்களே? என்ற கண்ணக் கட்டிவிடுங்க."

கொல்லைக்குப் பின்னால் இரண்டு புற்றுகள். ஒன்றில் முளைத்ததை நான் கண்ணாரப் பார்த்து, புல் காம்பால் அளந்து, முள் வைத்து அடைத்தேன். மற்றதன் பக்கம் நான் தலைகூடத் திருப்பவில்லை. உன் கண்ணில் துண்டைக் கட்டி, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். நீ புற்றைத் தடவித்தடவி மொட்டைக் கண்டுபிடித்து, பக்கத்தில் புல் காம்பை நிறுத்தி, அதன் உயரத்துக்குக் கிள்ளி எடுத்தாய். விறகுக்குப் போன பெண்கள் ஓடைக்கரையில் நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்க, மச்சானும் மாப்பிள்ளையும் நாகத்துகூடக் கண்ணாமூச்சி ஆடறீங்களா?"

"நாகம் கடிச்சா எந்தக் கையக் கடிச்சுதுன்னு பாத்துச் சொல்லுங்க, எங்களுக்குக் கண்ணு தெரியாது," என்றாய் நீ. அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சுட்டது.

மறுநாள் மறுபடியும் அளந்தோம். நான் பார்த்ததும் வளர்ந்திருந்தது, நீ பார்க்காததும் வளர்ந்திருந்தது. காம்புகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டு புற்றிலும் குடை விரிந்துவிட்டது. "காக்காய் பாத்திருக்குமே மச்சான், அந்தக் கண்ணு கணக்குல வராதுங்களா?" என்று கேட்டாய். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வெள்ளிப் பரீட்சையும் பார்த்தோம். கெட்ட காளானோடு மெட்டி போட்டுக் கொதிக்கவைத்தால் கறுக்கும் என்பார்கள். பாவாயியின் மெட்டியை வாங்கிப் போட்டேன். பச்சை மடிப்புக் காளானில் மெட்டி பளபளவென்று இருந்தது. நல்ல காளானில் பூண்டு சேர்த்துக் கொதிக்கவிட்டபோது கறுத்தது! அன்றோடு வெள்ளியை நம்புவதை விட்டேன். மெட்டியைத் தேய்த்துத் தரச்சொல்லி அவள் என்னைத் திட்டியது தனிக்கதை.

அப்படி வந்ததுதான் சாட்சிக் காளான். ஒரு கூட்டத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. மூத்தது முதலில் விரியும். அது விரியும்வரை அந்தக் கூட்டத்தில் கை வைக்கக் கூடாது. அதன் உச்சிக் கூர்முனையையும் மடிப்பையும் தண்டின் அடியையும் பார்த்துவிட்டு, அதன் காலோடு ஒட்டி முளைத்த இளசுகளைப் பறிக்கலாம். தள்ளி நிற்பதைத் தொடக் கூடாது, அதற்குத் தனிச் சாட்சி வேண்டும். ரொட்டிக்கு இளசுதான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். விரிந்ததைத்தான் நம்புவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் பிறந்த வழி அது.

இந்தச் சமயத்தில்தான் கவுண்டர் உன்னைக் கிண்டல் செய்தார். "கப்பல்ல அப்படி என்னத்தத் தின்ன சாமி? அதையே பண்ணிப் போடு, பாக்கலாம். ஊருக்குச் சோறு போடற கணக்கும் ஆச்சு." நீ சரி என்றுவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தின்னப்போவதில்லை. நான் தின்னாவிட்டால் ஊர் தின்னாது. பிறகு யாருக்கு அடுப்பு மூட்டுகிறாய் என்று நினைத்தேன்.

ஆனாலும் தினமும் வந்து வேலியோரம் நின்று பார்த்தேன். பழைய புற்று மண்ணைக் குழைத்துக் கூண்டு கட்டினாய். காளான் வரும் புற்றில் கை வைத்துவிடுவாயோ என்று காவல் நிற்கவே வந்தேன் என்று வைத்துக்கொள். கோதுமைக்கு எங்கே போவது? கேழ்வரகு மாவில் புளித்த மாவைக் கலந்து தட்டினாய். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கினாய். பழக்கூழுக்கு மணத்தக்காளிப் பழத்தை நசுக்கினாய். காளானைக் கழுவிப் பச்சையாக மேலே பரப்பி உள்ளே தள்ளினாய். வெளியே வந்தது ரொட்டி இல்லை, களி. கட்டையில் எடுக்கும்போது நடுவில் பிய்ந்து சாம்பலில் விழுந்தது. உன் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"நாப்போலியில இப்படித்தான் திங்கறாங்களா?" என்று வேலிக்கு வெளியிலிருந்து கேட்டேன்.

"அங்க அடுப்பு பெருசுங்க மச்சான்."

"அடுப்ப விடு. காளான் உடம்பு பூராத் தண்ணி. நீ வேற கழுவி இன்னும் குடிக்க வெச்சுட்ட. மொதல்ல அது அழுது முடிக்கட்டும், அப்புறம் ரொட்டி மேல ஏத்து."

நீ கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அடுத்த முறை ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தாய், அவ்வளவுதான். தண்டின் மண் ஒட்டிய அடியைச் சீவி எறிந்தாய். விரல் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்தாய். எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் போட்டு, நெரிக்காமல் பரப்பினாய். சட்டி கீச்சுக்கீச்சென்று கத்தியது. தண்ணீர் விட்டது, கொதித்தது, வற்றியது. சத்தம் மாறி, ஓரம் பொன்னிறமான பிறகுதான் உப்பும் மிளகும் நசுக்கின பூண்டும் போட்டாய். உப்பைக் கடைசியில் போடு என்று நான் சொல்லவில்லை. அது உன் வேலை, அதில் பங்கு கேட்கமாட்டேன்.

ஊர்ப் பந்திக்கு முதல்நாள் நீ என் வாசலுக்கு வந்தாய். "மச்சான், ஊருக்கே போடறது. சாட்சி பாத்துப் பறிக்க எனக்கு இன்னும் தைரியம் பத்தாதுங்க. நீங்கதான் பறிக்கோணும். தப்பாப் போச்சுன்னா என்ற பேரு மட்டுமில்ல, உங்க மடிப்புக் கணக்கும் போயிரும்."

கடைசியில் சொன்னாய் பார், அதில்தான் விழுந்தேன். விடிந்ததும் கூடையோடு போனேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சியைப் பார்த்து, தண்டைத் தோண்டிப் பார்த்து, சந்தேகமானதை அப்படியே விட்டு, தேர்ந்த இளசுகளாகக் கூடை நிறைத்தேன். அந்த மாதிரிக் காளானை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெருமையோடு சாவடி வழியாகவே தூக்கிக்கொண்டு வந்தேன்.

மதியம் முதல் ரொட்டி வெளியே வந்தது. பாவாயி அதை இலையில் வைத்துக் கவுண்டர் முன்னால் வைத்தாள். அவர் வாசனை பிடித்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு கேட்டார்.

"பறிச்சது யாரு?"

எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. ஊரே என் பக்கம் திரும்பியது.

"நான் சோதனைக்குப் பறிச்சேனுங்க. சட்டிக்குன்னு பறிக்கலீங்க," என்றேன்.

"கூடைல வந்தது சட்டிக்குத்தானே போச்சு கண்ணு?"

"மடிப்பெல்லாம் சரியா இருக்குதுங்க. சந்தேகமே வேண்டாமுங்க."

"சந்தேகமில்லீல்ல? அப்பத் தின்னு."

மேல்தெருக்காரன் ஒருவன் பின்னாலிருந்து, "என்னுங்க, பறிச்சவரே பயப்படறாரு," என்றான். இரண்டு பேர் எழுந்து துண்டை உதறினார்கள். நான் தின்னாவிட்டால் என் காளான் நஞ்சு. நான் தின்றால் என் வாக்கு போயிற்று. இலையில் ரொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நீ கூண்டுக்குப் பக்கத்தில் கட்டையைப் பிடித்தபடி, ஒன்றும் புரியாதவன் போல் நின்றாய். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

தின்றேன். முதலில் புளிப்பு. பிறகு மிளகு. பிறகு பல்லுக்கிடையில் காளான், மெத்தென்று இல்லாமல், இளங்கறி போல் எதிர்த்து நின்றது. நீ சொன்னது சரிதான், காளான் காளானாகவே இருந்தது. ஒரு வாய் போதும் என்று கவுண்டர் கையைக் காட்டினார். நான் முழுசையும் தின்றுவிட்டேன். அதைச் சொல்லி ஊர் இன்றைக்கும் சிரிக்கிறது. அரைகுறையாகத் தின்று பரீட்சை பார்ப்பதில் அர்த்தமில்லை என்பதால் தின்றேன்.

அப்புறம் புளியமர நிழல் களத்துமேட்டைத் தொடும்வரை ஊரே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஏப்பம் விட்டால் கவுண்டர் நிமிர்ந்தார். இருமினால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்தார்கள். கடைசியில் எழுந்து களத்தைச் சுற்றி நடந்து காட்டினேன். கவுண்டர் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று பொழுது சாயும்போது பாவாயி தன் சீலைகளை மூட்டை கட்டி, ஓடையைத் தாண்டி உன் குடிசைக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, திரும்பி மட்டும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நீ எங்கும் போகவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷமும் உன் வீட்டில் ஒவ்வொரு முறை கை நனைக்கும்போதும் அந்தக் கேள்வி என் தொண்டையில் நின்றது. எங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்துதான் என்னைப் பறிக்கச் சொன்னாயா? கேட்டால் நான் தோற்றதாகிவிடும். நான் கேட்பதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று ரொட்டியைத் தின்று முடித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். உன் மண்கூண்டில் இன்னும் சூடு இருந்தது. கேட்டுவிட்டேன்.

அவள் சாம்பலை வாரிக்கொண்டே சொன்னாள். "அவருக்கென்னங்கண்ணா தெரியும்? பெரக்கரை நாட்டாளு. கடைசி வரைக்கும் நான் கடிச்சுட்டுக் குடுத்தா, எச்சி பண்ணிட்டியேம்பாரு."

"அப்ப எங்கிட்டப் பறிக்கச் சொல்லி வந்தது?"

"நாந்தான் போகச் சொன்னேன். மடிப்புக் கணக்கும் போயிரும்னு சொல்லுங்க, அண்ணன் வந்துருவாங்கன்னு சொல்லிக் குடுத்தேன்."

"எதுக்கு எங்கிட்ட நேரா ஒரு வார்த்த சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விழுந்த பல்லின் சந்து தெரிய மெல்லச் சிரித்தாள். "எனக்காகத் தின்னுங்கண்ணான்னு கேட்டா நீங்க தின்னிருக்கமாட்டீங்க. காளானுக்காகன்னாத் திம்பீங்க."

வெளியே வந்தேன். வாசலில் பிடுங்காமல் விட்ட ஒரு காளான் குடை விரித்து நின்றது. குனிந்து அதன் அடியைப் பார்த்தேன். வெள்ளை. அது என் பழக்கம், மாப்பிள்ளை. எந்தக் காளானையும் குனிந்து அடியைப் பார்க்காமல் கடந்து போக இன்னும் என்னால் முடிவதில்லை. உன்னை மட்டும் மேலாகப் பார்த்தே முடிவு கட்டியிருந்தேன் என்று நீ சொல்லக்கூடும். சொல்லிக்கொள்.

உன்மேல் வைத்திருந்த குறைகளில் ஒன்றை இன்று எடுத்துவிட்டேன். மற்றவை அப்படியே இருக்கின்றன. காக்காய்க் கண்ணுக்குப் பதில் கிடைத்தால் சொல்கிறேன்.